அளக்கும்போது தொடாதே

எங்கள் அலுவலகம் அளக்கிற அலுவலகம். ஊரிலுள்ள கடைத் தராசு, எடைக்கல், அளவுக் குவளை எதுவானாலும் வருடத்துக்கு ஒருமுறை எங்களிடம் வந்து முத்திரை குத்திக்கொண்டு போனால்தான் அதற்கு மரியாதை. உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும்: ‘அளக்கும்போது தொடாதே.’ தராசின் முள் ஆடி ஓயும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது, மேஜையில் சாயக்கூடாது, பலமாகத் தும்மக்கூடாது. நல்ல விதிதான், குற்றம் சொல்வதற்கில்லை. தராசுக்கு எழுதிய விதியைத் தூக்கிக்கொண்டுபோய் மனுஷன் தலையில் வைத்தோம் பாருங்கள், அதுதான் எங்கள் கெட்டிக்காரத்தனம். அதில் எனக்கும் பங்கு உண்டு, பெரிய பங்கு. வெளியே சொல்லாவிட்டால் என் கட்டை வேகாது. அதனால் சொல்கிறேன்.

ஒரு நாள் மத்தியானம் இரண்டரை மணிக்கு எங்கள் இயக்குநர் திடீரென்று பிரிவு பிரிவாகச் சுற்றி வந்தார். வழக்கமாக அந்த நேரத்தில் அவர் அறைக்கு வெளியே சிவப்பு விளக்கு எரியும். உள்ளே ஒரு சோபா உண்டு. அன்று சோபா உறை மாற்றப் போயிருந்ததால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. மூன்று பேர் மேஜையில் தலை சாய்த்திருந்ததைப் பார்த்துவிட்டார். உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு என்று விட்டிருக்கலாம். விடவில்லை. மறுநாள் எல்லோரையும் கூட்டரங்கில் உட்கார வைத்தார்.

“தூங்கறது குத்தம்னு நான் சொல்ல மாட்டேன். நான் மனிதாபிமானி. ஆனா அளக்காம தூங்கறது குத்தம்! இத்தனை வருஷமா இந்தக் கட்டடத்துக்குள்ள எவ்வளவு தூக்கம் தூங்கியிருக்கோம்? யாராவது சொல்ல முடியுமா? காய்கறிக் கடைக்காரன் அஞ்சு கிராம் குறைச்சா ஓடிப்போய்ப் பிடிக்கறோம். நம்ம வீட்டுக்குள்ள மணிக்கணக்குல அளக்காம போயிட்டிருக்கு. வெட்கமா இல்லை?”

எங்களுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. கைதட்டினோம்.

அப்படிப் பிறந்ததுதான் பகலுறக்க அளவீட்டுத் திட்டம். அதற்கு ஒரு பதிவேடு, பதினேழு விதிகள். தூங்குபவரை எழுப்பக்கூடாது, எழுப்பினால் அளவு கெட்டுவிடும். தூக்கம் தொடங்கியதும் ஸ்டாப்வாட்சை அமுக்க வேண்டும்; அமுக்கியவரே நிறுத்த வேண்டும், வேறு யாரும் கை வைக்கக்கூடாது. தலை எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது, குறட்டை எவ்வளவு சத்தம், எச்சில் வழிந்தால் இடப்பக்கமா வலப்பக்கமா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. கடைசியில் தூங்கியவரின் விளக்கம், கையெழுத்து. இருபது பதிவு சேர்ந்தால் விடுப்பு கிடையாது. நாற்பது சேர்ந்தால் வேலையே கிடையாது. பதினோராவது விதிப்படி இந்த விவரங்களைக் குடும்பத்தார் உட்பட வெளியாருக்குச் சொல்லக்கூடாது. இயக்குநர், துணை இயக்குநர் தூங்கினால் அதன் பெயர் ‘ஆழ்ந்த சிந்தனை’. அதற்குப் பத்தி இல்லை.

இதையெல்லாம் எழுத ஓர் ஆள் வேண்டும். நான் சாதாரண எழுத்தர். ஆனால் என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். சூப்பிரண்டு என்னைக் கூப்பிட்டு ஒரு ஸ்டாப்வாட்சும், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் பாகைமானி ஒன்றும், சத்தத்தை அளக்கும் மீட்டர் ஒன்றும் கொடுத்தார். மூன்றிலும் எங்கள் முத்திரை குத்தியிருந்தது.

முதல் நாளே மாட்டினவர் தராசுக்காரர். பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. இருபத்தாறு வருஷமாக, ஊர்த் தராசுகளையெல்லாம் சரிபார்க்கும் எங்கள் மூலத் தராசின் முன்னால் உட்கார்ந்திருப்பவர். ஆள் வாட்டசாட்டம். கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று எங்கள் அலுவலகமே சேர்ந்து அளந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. எடைக்கல்லைத் தட்டில் வைத்துவிட்டு முள் ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவர் வேலை. இப்படியும் அப்படியும் ஆடுகிற முள்ளைப் பார்த்தால் யாருக்கும் கண் சொக்கும். அவருக்கோ நின்றால் தூக்கம், உட்கார்ந்தால் தூக்கம். பேசிக்கொண்டிருக்கும்போதே வாக்கியம் பாதியில் நிற்கும், நிமிர்ந்து பார்த்தால் ஆள் உறங்கியிருப்பார். முன்பு அப்படி இல்லை. என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று நாள் கண் கொட்டாமல் கூட இருந்து பார்த்துக்கொண்டவர் அவர்தான். நான் அவரை அண்ணே என்பேன். அவருக்கு நான் தம்பி.

அன்று கண் விழித்தவர், நெற்றியருகே நான் பாகைமானியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார்.

“என்ன தம்பி, தலைக்கு அளவு எடுக்கறே? தொப்பி தைக்கப் போறியா?”

விஷயத்தைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். சிரித்தார்.

“எழுது, எழுது. வேலைன்னா வேலைதான். ஆனா சரியா எழுது. எனக்காகக் குறைச்சு எழுதிட்டேன்னு நாளைக்கு யாரும் உன்னைச் சொல்லக்கூடாது.”

விளக்கப் பத்தியில் ‘அசதி. மன்னிக்கவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன்பின் வந்த எல்லாப் பதிவிலும் அதே வாசகம்தான். மன்னிக்கவும் என்று அவர் யாரிடம் கேட்டார் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

இந்த இடத்தில் உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. மூன்றே மாதத்தில் ‘சிறந்த அளவீட்டாளர்’ என்று சான்றிதழ் கொடுத்தார்கள். சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினேன். டைப்பிஸ்ட் அம்மா ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்.

“பாவம் அந்த மனுஷன். ஒரு நாள் பார்க்காத மாதிரி போனாத்தான் என்ன? கண்ணு அவிஞ்சா போயிடும்?”

“அளவுன்னா அளவுதான் மேடம். இன்னைக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க.”

“யாரும் கேக்க மாட்டாங்க. நீங்கதான் உங்களையே கேப்பீங்க,” என்று சொல்லிவிட்டு அவர் தட்டச்சைத் தொடர்ந்தார்.

பன்னிரண்டாவது பதிவில்தான் முதன்முதலாக அதைக் கவனித்தேன். தராசுக்காரரின் குறட்டை உச்சத்துக்குப் போய்த் திடீரென்று நின்றது. மூச்சும் நின்றது. பதினான்கு வினாடி. பிறகு தண்ணீரிலிருந்து தலையைத் தூக்குகிறவர் மாதிரி ஒரு திணறல், மறுபடி குறட்டை. பயந்துபோனேன். பயந்து என்ன செய்தேன்? அதற்குப் பத்தி இல்லாததால் குறிப்பில் எழுதினேன்: ‘மூச்சு நிறுத்தம் 14 வினாடி.’

சூப்பிரண்டு அதைப் படித்துவிட்டு வெகுநேரம் நெற்றியைத் தேய்த்தார். “இந்தப் பதினாலு செகண்டைத் தூக்கத்துல சேர்க்கறதா, கழிக்கறதா?” என்று கேட்டார். கோப்பு மேலே போனது. ஒன்பது நாள் கழித்து இயக்குநரின் பச்சை மையோடு திரும்பி வந்தது: ‘மூச்சு விடாத நேரமும் தூங்கிய நேரமே. சேர்க்கவும்.’

சேர்த்தேன். அதன் பிறகு எல்லாப் பதிவிலும் தவறாமல் எழுதினேன். பதினெட்டு வினாடி. இருபத்தொன்று. ஒரு தடவை முப்பத்து மூன்று.

இருபத்து நான்காவது பதிவுக்குப் பிறகு தராசுக்காரரே சூப்பிரண்டிடம் போனார். கையில் விடுப்பு விண்ணப்பம். பகலில் அடக்க முடியாத தூக்கம், படியேறினால் நெஞ்சு படபடப்பு, ஒரு வேலை நாளில் வந்தால் பரிசோதித்துச் சொல்வதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். பதிவேட்டோடு நானும் பக்கத்தில் நின்றேன்.

“இருபது பதிவு தாண்டியாச்சு. அதுவும் தூங்கறதுக்கு லீவு கேட்ட முதல் ஆள் நீங்கதான்,” என்றார் சூப்பிரண்டு.

“தூங்கறதுக்கு இல்லை சார். தூக்கம் ஏன் இப்படி வருதுன்னு பார்க்கறதுக்கு.”

“அதைத்தான் நாம இங்க அளந்துக்கிட்டிருக்கோமே! பாதி அளவுல இருக்கறபோது வெளி ஆள் வந்து தொட்டா என்ன ஆகும்? இருபத்தாறு வருஷ சர்வீஸ் உங்களுக்கு. உங்களுக்கே நான் சொல்லணுமா?”

தராசுக்காரர் விண்ணப்பத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “அதுவும் சரிதான் சார்,” என்றார். அவர் நிஜமாகவே அப்படி நினைத்தார். முள் ஓயும் முன்பு தட்டைத் தொட்டவர் இல்லை அவர்.

அடுத்த வாரம் பஸ் நிறுத்தத்தில் அவர் மனைவியைப் பார்த்தேன். அண்ணி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“தம்பி, தப்பா நினைக்காதீங்க. ராத்திரியில அவருக்குக் குறட்டை நடுவுல நின்னு நின்னு போகுது. எழுந்து மூக்குல கை வச்சுப் பார்க்கறேன். கேட்டா சிரிக்கறாரு. ஆபீஸ்ல எப்படி இருக்காரு? நீங்க பக்கத்துலயே இருக்கீங்களே.”

நாக்கு நுனிவரை வந்தது. பதினோராவது விதி குறுக்கே நின்றது. விதியோடு சேர்ந்து ‘சிறந்த அளவீட்டாளர்’ சான்றிதழும் நின்றது.

“நல்லா இருக்காரு அண்ணி,” என்றேன்.

அந்த மாதமே எங்கள் அலுவலகத்தில் இதய நல வாரம் கொண்டாடினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து இதய டாக்டர் அம்மா ஒருவரை வரவழைத்திருந்தார்கள். அவருக்கு முன்னால் இயக்குநர் இரண்டு வார்த்தை பேச எழுந்தார். மதிய உணவு முடிந்த கையோடு தொடங்கி ஒரு மணி ஐம்பது நிமிடம் பேசினார்.

“இந்த நிறுவனத்துக்கு இதயம் இருக்கா? இருக்கு! எங்க இருக்கு? மூணாவது மாடியில, என் அறையில! ஊழியர்களோட ஒவ்வொரு துடிப்பும் எனக்குக் கேக்குது. நீங்க சொல்லவே வேண்டாம். சொல்லாமலே கேக்குது. அதனாலதான் ஊழியர் குறை கேட்கும் கூட்டத்தை இந்த வருஷம் ரத்து பண்ணிட்டேன்.”

முப்பத்து நான்கு பேர் தூங்கினார்கள். என்னிடம் இருந்ததோ ஒரே ஒரு பாகைமானி. வரிசைக்கிரமமாக அளந்துகொண்டு போனேன். என் கை போய்ச் சேர்வதற்குள் விழித்துக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். டாக்டர் அம்மாவுக்கு நான்கு நிமிடம் மிஞ்சியது. மைக்கைப் பிடித்தவர் சபையைப் பார்த்தார், பாகைமானியோடு நிற்கும் என்னைப் பார்த்தார், எழுதிக்கொண்டு வந்த காகிதத்தை மடித்து வைத்துவிட்டார்.

“ஒண்ணே ஒண்ணு சொல்றேன். சாப்பிட்டதும் கொஞ்சம் கண் அசர்றது வேற. தினமும் அடக்க முடியாம தூக்கம் வருது, கூடவே குறட்டை, மூச்சு விட்டு விட்டு வருதுன்னா அதைச் சோம்பேறித்தனம்னு நினைக்காதீங்க. அது இதயத்துக்கு...”

நன்றியுரை சொல்ல வந்த துணை இயக்குநர் மைக்கை வாங்கிக்கொண்டார். நேரம் ஆகிவிட்டதாம். முன்வரிசையில் தராசுக்காரர் அறுபது பாகை சாய்ந்து கிடந்தார். அது முப்பத்தோராவது பதிவு. டாக்டர் அம்மா சொன்னதில் பாதி என் காதில் விழுந்தது. மீதியை அவரிடம் போய்க் கேட்டிருக்கலாம். நான் பதிவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்பதாவது பதிவுக்கான நாளும் வந்தது. மத்தியானம் இரண்டு பதினேழு. தராசுக்காரர் மூலத் தராசின் முன்னால் இருந்தார். அந்தத் தராசு எங்களுக்குச் சாமி மாதிரி. கையுறை இல்லாமல் யாரும் தொட மாட்டோம். அவர் தலை மேஜையில் சாய்ந்தது. இடது கை சரிந்துபோய்த் தராசுத் தட்டைத் தொடாமல் அதன் மேல் நீண்டது. நான் ஸ்டாப்வாட்சை அமுக்கினேன்.

இதோடு அவர் வேலை போய்விடும் என்று எனக்குத் தெரியும். மனசு கனத்தது என்று சொன்னால் நம்புவீர்களா? கனத்தது. ஆனாலும் கை எழுதிக்கொண்டுதான் இருந்தது. சாய்வு: அறுபத்திரண்டு பாகை. எச்சில்: இடப்பக்கம். கண்: பாதி திறந்த நிலை. குறட்டைக்கு மீட்டரை நீட்டினேன். ஒன்றும் காட்டவில்லை. இத்தனை நாளாக ஊரைக் கூட்டிய குறட்டை இன்றைக்கு எங்கே போகும்? மீட்டரில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். பொருளறைக்குப் போய், புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு, புது பேட்டரி வாங்கி வந்து மாட்டினேன். அப்போதும் ஒன்றும் காட்டவில்லை. ‘குறட்டை: இல்லை’ என்று எழுதினேன். முகமெல்லாம் வியர்வை. அதற்கும் பத்தி இல்லை. குறிப்பில் எழுதினேன்: ‘வியர்வை அதிகம்.’

அவருடைய நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை கை வழியே உருண்டு தட்டில் விழுந்தது. ஒரு சொட்டுதான். மூலத் தராசின் முள் நகர்ந்தது.

ஐயோ, தராசு கெட்டுவிடுமே என்று பாய்ந்து அவர் கையைத் தட்டின் மேலிருந்து தூக்கினேன். கை ஜில்லென்று இருந்தது. அப்போதுதான் “அண்ணே!” என்று கத்தினேன். சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு இருபத்தாறு.

தூக்குப் படுக்கையில் வைத்து அவரைக் கொண்டு போகும்போது சூப்பிரண்டு கூடவே ஓடி வந்தார். பதறிப்போயிருந்தார்.

“கையெழுத்து வாங்கிட்டீங்களா?” என்று என்னைக் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர் அம்மா. மாரடைப்பு. அடைப்பை எடுத்தாயிற்று, உயிருக்கு ஆபத்தில்லை, இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார். அண்ணி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

“நீங்க பக்கத்துல இருந்ததாலதான் பொழைச்சாரு தம்பி. அன்னைக்கு பஸ் ஸ்டாப்புல கேட்டேனே, நல்லா இருக்காருன்னு சொன்னீங்க. பாவம், உங்களுக்கும் தெரிஞ்சிருக்காது.”

எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

“ராத்திரி வீட்டுல மூச்சு நிக்கறதை இவங்க சொன்னாங்க,” என்றார் டாக்டர். “பகல்ல எப்படி? எவ்வளவு நேரம் தூங்குவாரு? மூச்சு நிக்குமா? எவ்வளவு நாளா? யாருக்காவது தெரியுமா?”

“எனக்குத் தெரியும்,” என்றேன்.

“எவ்வளவு தெரியும்?”

“வினாடி வரைக்கும் தெரியும் மேடம்.”

அலுவலகத்துக்கு ஓடினேன். சூப்பிரண்டு பதிவேட்டைத் தர மறுத்தார். டாக்டர் உரிய படிவத்தில் இயக்குநருக்கு விண்ணப்பிக்க வேண்டும், காரணம் ஏற்புடையதாக இருந்தால் நாற்பத்தைந்து நாளில் நகல் கிடைக்கும் என்றார். அவர் தேநீர் குடிக்கப் போன சமயம் பார்த்து, பதிவேட்டை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்தேன். என் சர்வீஸில் நான் செய்த ஒரே திருட்டு அது. ஒரே உருப்படியான வேலையும் அதுதான்.

டாக்டர் அம்மா நின்றபடியே தராசுக்காரரின் நாற்பது பக்கத்தையும் படித்தார்.

“இப்படி ஒரு குறிப்பை நான் பார்த்ததே இல்லை,” என்றார். “ஆஸ்பத்திரியிலகூட இவ்வளவு ஒழுங்கா எழுத மாட்டாங்க. தூக்கத்துல மூச்சுக்குழாய் அடைச்சு அடைச்சுத் திறக்குது. ஒவ்வொரு தடவையும் உடம்பு திடுக்குனு முழிச்சு மூச்சை இழுக்கணும். ராத்திரி பூரா இப்படிப் போராடினா பகல்ல தூங்காம என்ன செய்வாரு? அந்தப் பாரமெல்லாம் ரத்த அழுத்தமா ஏறி இதயத்து மேலதான் விழும். அடைப்புக்கு இது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா முன்னாடியே வந்திருந்தா, ராத்திரி மாட்டிக்க ஒரு மூச்சுக் கருவி கொடுத்திருப்போம். இதயத்தையும் சோதிச்சுப் பார்த்திருப்போம்.” பதிவேட்டை மூடினார். “ஆறு மாசமா பக்கத்துலயே உக்காந்து பார்த்திருக்கீங்க.”

“ஆமா மேடம்.”

“ஒரு தடவைகூட அவரை எழுப்பி, டாக்டரைப் பாருங்கன்னு சொல்லத் தோணலையா?”

திட்டுகிற குரலில் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார்.

இரண்டு வாரம் கழித்து என் மீது விசாரணை. கூட்டரங்கில் மத்தியானம் இரண்டு மணிக்கு வைத்தார்கள். நடுவில் இயக்குநர், பக்கத்தில் துணை இயக்குநர், சூப்பிரண்டு. குற்றச்சாட்டு இரண்டு. ஒன்று, அளவு ஆவணத்தை வெளியே கொண்டு போனது. இரண்டு, அளவு நடந்துகொண்டிருக்கும்போது அளக்கப்படுபவரைத் தொட்டது. அதனால் ஸ்டாப்வாட்ச் நிறுத்தப்படவில்லை, நாற்பதாவது பதிவு அரைகுறையாக நிற்கிறது, தராசுக்காரர் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முடியவில்லை.

“தொட்டதை ஒத்துக்கறீங்களா?” என்றார் துணை இயக்குநர்.

“ஒத்துக்கறேன் சார். ஒன்பது நிமிஷம் தாமதமாத் தொட்டேன்.”

“தாமதம் குற்றம் இல்லை. விதியிலேயே இல்லை. தொட்டதை மட்டும் சொல்லுங்க.”

சூப்பிரண்டு குற்றப்பத்திரிகையின் பன்னிரண்டு பக்கங்களை வாசிக்கத் தொடங்கினார். மூன்றாவது பக்கத்தில் இயக்குநர் ஆழ்ந்த சிந்தனையில் இறங்கினார். ஐந்தாவது பக்கத்தில் சிந்தனை சத்தமாகக் கேட்டது. யாரும் நிமிரவில்லை. திடீரென்று சத்தம் நின்றது. அந்த நிசப்தம் எனக்குப் பழகிய நிசப்தம். என்னையறியாமல் எண்ணினேன். எட்டு. பன்னிரண்டு. பதினேழு. சூப்பிரண்டு வாசித்துக்கொண்டே இருந்தார். துணை இயக்குநர் சுவரைப் பார்த்தார். அந்தச் சுவரிலும் அதே வாசகம் இருந்தது: ‘அளக்கும்போது தொடாதே.’

எழுந்து போய் இயக்குநரின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“சார், எழுந்திருங்க! சார்!”

திணறிக்கொண்டு விழித்தார். “யாருய்யா அது? நான் யோசிச்சுக்கிட்டிருந்தேன்!”

“யோசனை நடுவுல மூச்சு நின்னுபோச்சு சார். பத்தொன்பது செகண்ட். தயவுசெஞ்சு டாக்டரைப் பாருங்க.”

மூன்றாவது குற்றச்சாட்டு சேர்ந்தது: மேலதிகாரியின் சிந்தனைக்கு இடையூறு. ஆனால் விசாரணை முடிந்து வெளியே வரும்போது, கைகழுவும் இடத்தில் இயக்குநர் தனியாக என் பக்கத்தில் வந்து நின்றார். கண்ணாடியைப் பார்த்தபடியே, “அந்த டாக்டர் அம்மா எத்தனை மணிக்கு உக்காருவாங்க?” என்று மெல்லக் கேட்டார். அவர் கழுத்தும் பெருத்துத்தான் இருந்தது. சொன்னேன்.

தீர்ப்பு வந்தது. சான்றிதழைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நாற்பதாவது பதிவுக்குத் தராசுக்காரரின் வீட்டுக்கே போய் விளக்கமும் கையெழுத்தும் வாங்கி, பதிவை நானே பூர்த்தி செய்ய வேண்டும். பூர்த்தியானால் அவருக்கு வேலை போகும், அதோடு ஓய்வூதியமும் போகும். என்னையே அனுப்பினார்கள். யோசித்துத்தான் செய்திருப்பார்கள்.

அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தாலும் முகம் தெளிவாக இருந்தது. இப்போதெல்லாம் இரவில் மூச்சுக் கருவியை முகத்தில் மாட்டிக்கொண்டு தூங்குகிறாராம். பகலில் கண்ணே சொக்கவில்லை என்று அண்ணி பெருமையாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் பதிவேட்டை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பத்தியாகப் படித்தார்.

“வியர்வையைக்கூட விடாம எழுதியிருக்கியே தம்பி,” என்றார்.

அவர் பாராட்டாகத்தான் சொன்னார்.

“அண்ணே, உங்களைக் காப்பாத்தணும்னு நான் தொடலை. வியர்வை விழுந்து முள் நகர்ந்துச்சு. தராசு கெட்டுப்போயிடுமேன்னுதான் உங்க கையைத் தூக்கினேன். ஒன்பது நிமிஷம் பக்கத்துல உக்காந்து எழுதிக்கிட்டிருந்தேன். அண்ணிகிட்ட நல்லா இருக்காருன்னு பொய் சொன்னேன். எல்லாத்தையும் தெரிஞ்சே செஞ்சேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எனக்குக் கேட்டுச்சு,” என்றார். “கையைக் காலை அசைக்க முடியலை. பேச்சும் வரலை. ஆனா உன் பேனா சத்தம் மட்டும் காதுல விழுந்துக்கிட்டே இருந்துச்சு. அப்பாடா, தம்பி பக்கத்துலதான் இருக்கான், பார்த்துக்குவான்னு தைரியமா இருந்தேன்.”

இதைவிட அவர் என்னை அறைந்திருக்கலாம்.

பேனாவைக் கேட்டார். கொடுத்தேன். விளக்கப் பத்தியில், முப்பத்தொன்பது தடவை ‘அசதி. மன்னிக்கவும்’ என்று எழுதிய அதே இடத்தில், நிதானமாக எழுதினார்: ‘தூங்கவில்லை. கூப்பிட முடியவில்லை.’ கீழே கையெழுத்துப் போட்டுப் பதிவேட்டை என் மடியில் வைத்தார்.

மறுநாள் சூப்பிரண்டு என் மேஜைக்கு வந்தார்.

“கையெழுத்து ஆச்சா?”

“ஆச்சு சார்.”

“கொடுங்க, மேல அனுப்பிடலாம்.”

மேஜை இழுப்பறையைத் திறந்து காட்டினேன். பதிவேட்டின் மேல் ஸ்டாப்வாட்ச். அன்றைக்கு இரண்டு பதினேழுக்கு நான் அமுக்கியது, இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“முடிவு நேரம் போடலை சார். வாட்ச் நிக்கலை. அமுக்கினவன்தான் நிறுத்தணும்னு விதி. அளவு நடந்துக்கிட்டிருக்கு.”

அவர் எடுக்க நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். முப்பது வருஷப் பழக்கம் அது. இரண்டு பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்தோம்.

“எப்பய்யா முடியும் இது? ஒரு மாசமா, ஒரு வருஷமா? தராசுக்காரரை வேலையை விட்டு அனுப்ப வேண்டாமா?”

“தெரியலை சார். முள் இன்னும் ஓயலை,” என்றேன்.

அதில் பொய் எதுவும் இல்லை.